உஷார்! ஸ்பிட்ஃபயர் ஒட்டும் மேசையில் நச்சு ஆவி

கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் போர் விமானம் ஒட்டுகிறீர்களா? முதலில் எழுந்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. பசை பாட்டிலிலிருந்து கிளம்பிய ஆவி வெளியே போக வழியே இல்லை. நீங்கள் விட்ட மூச்சோடு அதையும் சேர்த்துத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பொழுதுபோக்கை விடச் சொல்லவில்லை. ஸ்பிட்ஃபயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936 மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்த விமானம். 1940-இல் பிரிட்டன் வானில் நடந்த போரில் அதை ஓட்டிய 234-ஆம் ஸ்குவாட்ரன் ‘மதராஸ் பிரசிடென்ஸி’ என்ற பெயரைத் தாங்கியது. அந்த விமானத்தை நம் கையால் உருவாக்கிப் பார்க்கும் ஆசை நியாயமானது. ஆனால் 11.23 மீட்டர் இறக்கை 1/72 அளவில் 15.6 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. விமானியின் இருக்கையும் கட்டுப்பாட்டுக் கோலும் அரிசி மணி போல ஆகிவிடுகின்றன. ஆகவே குனிகிறோம். மூக்கு பசை பாட்டிலுக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பசை: ஒட்டுவதில்லை, கரைக்கிறது

மாடல் விமான கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். உடலின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, நீர்த்த பசையில் தோய்த்த பிரஷ்ஷை இணைப்பின் மேல் தொட்டால் போதும், பசை தானே இடுக்கு முழுக்க ஓடிவிடும். லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மெல்லிய கோடாகப் பிதுங்கும். பிளாஸ்டிக்கை இப்படி இளக்குவது அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்கள். சில பசைகளிலும் லேக்கர் தின்னர்களிலும் டொலுயீன் இருக்கும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை முதல் எச்சரிக்கை. அதிக அளவில் நீண்ட காலம் மூச்சில் ஏறினால் டொலுயீன் நரம்பு மண்டலத்தையே பாதிக்கும். கருவில் இருக்கும் குழந்தைக்கும் அது கேடு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வீட்டுக்குள் செய்யவே கூடாது.

‘வாடையே இப்போது வரவில்லையே’ என்று மூக்கை நம்பாதீர்கள். சிறிது நேரத்தில் மூக்கு வாடைக்குப் பழகிவிடும். ஆவி அப்படியேதான் இருக்கும். கொரோனா காலத்தில் வாங்கிய என்95 மாஸ்க்கையும் நம்பாதீர்கள். அது தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரித்தூள் கேட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர்தான் வேண்டும்.

இதில் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்து விமானங்களின் துணி இறக்கைகள் விறைப்பாக நிற்க ‘டோப்’ என்ற பூச்சைத் தடவினார்கள். அதில் சேர்த்த டெட்ராகுளோரோஈத்தேன் தொழிலாளர்களின் கல்லீரலைக் கெடுத்தது. மஞ்சள் காமாலை கண்டு இறந்தவர்களும் உண்டு. நம் மேசையில் இருக்கும் கரைப்பான் வேறு. ஆனால் காற்றோட்டமில்லாத அறை அதே அறைதான்.

ஏர்பிரஷ்: மூச்சில் ஏறும் பெயின்ட்

ஏர்பிரஷ் பெயின்ட்டைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்கி விடுகிறது. ‘அக்ரிலிக்’ என்று எழுதியிருந்தால் வெறும் தண்ணீர்ப் பெயின்ட் என்று எண்ணாதீர்கள். ஆல்கஹால் கலந்த அக்ரிலிக்கும் உண்டு, லேக்கர் அக்ரிலிக்கும் உண்டு. தண்ணீரில் கரைவதாகவே இருந்தாலும் அந்தப் புகைமூட்டம் நுரையீரலுக்கு ஆகாது. ஹார்டனர் கலந்து அடிக்கும் பளபளப்புக் கோட்டில் ஐசோசயனேட் இருக்கும். அது தீராத ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. வீட்டுக்குள் அதைத் தொடவே தொடாதீர்கள்.

தீ: மேசைக்குக் கீழே பாருங்கள்

கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழே இறங்கித் தரையோடு பரவும். மேசைக்கடியில் கொசுவர்த்திச் சுருள் புகைகிறதா? பக்கத்தில் பூஜை விளக்கு எரிகிறதா? அந்த நெருப்பு போதும். உறிஞ்சிய காற்று மோட்டாரை உரசிக்கொண்டு போகும் சாதாரண எக்ஸாஸ்ட் விசிறியை வைத்து ஸ்ப்ரே பெட்டி செய்யாதீர்கள். மோட்டாரில் ஒரு பொறி விழுந்தால் ஆவி பற்றிக்கொள்ளும்.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். தொடக்க கால ஸ்பிட்ஃபயரில் முதுகுக் கம்பத்திலிருந்து வால் நுனிவரை ஒரு ரேடியோக் கம்பி ஓடும். அதைச் செய்ய, உதிரிகளைத் தாங்கி நிற்கும் சட்டத்தின் துண்டு ஒன்றை மெழுகுவர்த்தியில் காட்டி இளக்கி, முடியளவு மெல்லிசாக இழுப்பார்கள். கைவேலை அழகுதான். ஆனால் அதே மேசையில் தின்னர் பாட்டில் வாய் திறந்து நிற்கிறது! பாலிஸ்டைரீன் பற்றிக்கொண்டால் கரும்புகை கக்கும், எரிந்தபடியே சொட்டும். பாட்டில்களை எல்லாம் மூடி வேறு அறைக்குக் கொண்டுபோன பிறகுதான் தீக்குச்சியைக் கிழிக்க வேண்டும். அதைவிட, இதற்கென்றே விற்கும் எலாஸ்டிக் நூலை வாங்கிவிடுங்கள்.

சூப்பர் குளூ, ரெசின், பிளேடு

சூப்பர் குளூ சிந்தினால் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். பஞ்சில் பட்டதும் கொதித்துப் புகைந்து தோலைச் சுட்டுவிடும். விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்லப் பிரியுங்கள். கண் இமை ஒட்டிக்கொண்டால் இழுத்துத் திறக்காமல் உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

தனியாக வாங்கும் ரெசின் இருக்கை, இன்ஜின் போன்றவற்றை உலர உலர உப்புத்தாளில் தேய்த்தால் மாவாகப் பறக்கும் தூள் நேரே நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். தேய்த்த ஈரத்தை உடனே துடைத்தெடுங்கள், காயவிட்டால் மறுபடி தூளாகும். இங்கே என்95 உதவும். பித்தளைத் தகட்டு உதிரிகளை வெட்டும்போது துண்டு தெறிக்கும், ஆகவே கண்ணாடி போடாமல் வெட்டாதீர்கள். கத்தி மேசையிலிருந்து உருண்டு விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். விழட்டும், காலை இழுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

பரீட்சை முடிந்ததும் பிள்ளைக்கு கிட் வாங்கித் தருகிறீர்களா? பசையை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். அமெரிக்காவில் மாடல் பசையைச் சிறுவர்கள் போதைக்காக முகர்ந்த கொடுமை 1960-களில் பெரும் பிரச்சினையாகவே ஆனது. கரைப்பானை வேண்டுமென்றே இழுத்தால் முதல் தடவையே இதயம் நின்றுபோகலாம். சிறு பிள்ளைகளுக்குப் பசையே தேவைப்படாத, அழுத்திப் பொருத்தும் கிட்கள் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

வேலை செய்யும்போது தலை கிறுகிறுத்தால் ‘இந்த ஒரு இறக்கையை முடித்துவிடலாம்’ என்று உட்காராதீர்கள். பாட்டிலை மூடிவிட்டு வெளிக்காற்றுக்கு வாருங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் 108-ஐ அழையுங்கள். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அறையில் நெருப்பு இருக்கக் கூடாது, பிரஷ்ஷைத் தோய்த்த மறுகணமே மூடியைத் திருக வேண்டும். இந்த மூன்றும் அமையாத அறையில் கிட் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம்.