விடுபடும் கடைசி வினாக்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வுக்கும் மேலாண்மைக் கல்விக்கான ஜிமாட் தேர்வுக்கும் ஆயத்தமாகும் மாணவர்களுக்கு ஆசிரியர் ஒரே அறிவுரை கூறலாகாது. நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண் உண்டு. தவறான விடைக்கு 1 கழிக்கப்படும். விடுத்த வினாவுக்குக் கழிவு இல்லை. ஜிமாட் தேர்விலோ, மாணவர் அளிக்கும் விடைகளுக்கேற்பக் கணிப்பொறி அடுத்த வினாவைக் கடினமாகவோ எளிதாகவோ தெரிந்தளிக்கும். சில வினாக்களுக்கு மட்டும் நன்கு விடையளித்து நிறுத்திக்கொள்வோர் உயர்ந்த மதிப்பீடு பெறுதல் முறையன்று. ஆதலால், முடிக்காத பகுதிக்கு மதிப்பெண் குறைக்கப்படுகிறது. அதன் கணிதப் பகுதியில் 21 வினாக்களுக்கு 45 நிமிடமே உண்டு. வினா ஒன்றுக்கு 2 நிமிடத்திற்குச் சற்று மேல். தொடக்கத்திலேயே நேரத்தைக் கழித்து இறுதி வினாக்களை விடுவோர் தம் திறமையினும் குறைந்த மதிப்பெண் பெற நேரும். ஆகவே, இத்தேர்வில் ஊகித்தேனும் கடைசி வினாவரை விடையளிக்கப் பயிற்றுவித்தல் நன்று.