விலை கூடிய எஞ்சின் ஆயில் எந்த வண்டிக்கு?

பலாவும் முந்திரியும் ஏற்றிப் பண்ருட்டிக்கு வரும் வண்டிகளில் நூறு சிசி பைக்கும் உண்டு, டர்போ டீசல் மினி லாரியும் உண்டு. இரண்டுக்கும் ஒரே ஆயிலைச் சொல்வது தவறு. சிந்தெடிக் ஆயிலுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முக்கியமாக இரண்டு குணங்களுக்கு: கடுங்குளிரில் கெட்டியாகாமல் ஓடுவது, கடுஞ்சூட்டில் சீக்கிரம் கெடாமல் இருப்பது. டப்பாவில் 10டபிள்யூ என்றிருந்தால், ஸ்டார்ட் செய்யும் நேரத்துக் கெட்டித்தன்மையை மைனஸ் 25 டிகிரியில் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். மார்கழி விடியலிலும் நம்மூருக்கு அந்தக் குணம் வேண்டியதில்லை.

வெயில் ஊராயிற்றே, சூட்டைத் தாங்க வேண்டாமா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கத்திரி வெயிலைவிட எஞ்சினுக்குள் எரியும் சூடு பல மடங்கு அதிகம். கம்பெனி கையேடு சொல்லும் தரம் அதையும் கணக்கில் எடுத்தே தரப்படுகிறது. சாதாரண பைக்குக்கு அந்தத் தரத்து ஆயிலை, சொன்ன கிலோமீட்டரில் தவறாமல் மாற்றினாலே போதும். விலை கூடிய ஆயிலை ஊற்றிவிட்டு மாற்றுவதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. கார் ஆயிலை பைக்கில் ஊற்றுவதும் ஆபத்து: பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் ஊறுகிறது, வழுக்கிவிடலாம். ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்ஏ முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். டர்போ வண்டியின் கதை வேறு. பாரம் ஏற்றி நாளெல்லாம் ஓடும்போது டர்போவின் பேரிங்கில் ஆயில் கருகலாம். அங்கே சிந்தெடிக்குக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசலில் புகை வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம். அங்கே மலிவு பார்த்தால் வடிகட்டியே அடைத்துக்கொள்ளும்.