நோமாய் மக்கள் செய்யாத குற்றம்

முதல்லயே சொல்லிடறேன்: 'அவுட்டர் வைல்ட்ஸ்' வீடியோ கேமின் முடிச்சை இங்கே அவிழ்க்கப்போகிறேன். இனிமேதான் ஆடணும்னு நினைக்கிறவங்க இதோட நிறுத்திக்கலாம்.

மோபியஸ் டிஜிட்டல் உருவாக்கி 2019இல் வெளிவந்த விளையாட்டு இது. ஆயுதம் கிடையாது, காசு கிடையாது, லெவல் ஏறுவதும் கிடையாது. கையில் ஒரு சின்ன விண்கலமும் மொழிபெயர்ப்புக் கருவியும்தான். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். பிறகு காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் கோள் கோளாகப் போய், எப்போதோ அழிந்துபோன நோமாய் என்ற இனத்தின் இடிபாடுகளைப் படிக்க வேண்டும். அடுத்த சுற்றுக்கு நம்மோடு வருவது தெரிந்துகொண்ட விஷயம் மட்டுமே.

நோமாய் எழுத்து சுருள் சுருளாக இருக்கும். ஒருவர் எழுதியதிலிருந்து அடுத்தவரின் பதில் கிளையாகப் பிரியும். ராஜா புகழ் பாடும் கல்வெட்டு எதுவும் இல்லை. விஞ்ஞானிகளின் வாக்குவாதம், கிண்டல், பிள்ளைகள் குகைக்குள் ஆடிய விளையாட்டு எல்லாம் சுவரில் இருக்கும்.

இவர்கள் எப்படிச் செத்தார்கள்? சூரியனுக்குப் பக்கத்தில் 'சன் ஸ்டேஷன்' என்று ஒரு நிலையம் கட்டியிருந்தார்கள். சூரியனையே வெடிக்க வைத்து, அந்த ஆற்றலால் தகவலை 22 நிமிடம் பின்னோக்கி அனுப்புவது திட்டம். இதைப் படிச்சதும் நான் கேஸை மூடிட்டேன். பேராசைப்பட்டாங்க, அழிஞ்சாங்க, இப்ப சூரியன் வெடிக்கிறதும் அவங்க வெச்ச வினைதான்.

பலமுறை செத்துப் பிழைத்து அந்த நிலையத்துக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது, சோதனை தோல்வி. சூரியனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இன்று அது வெடிப்பது ஆயுள் முடிந்ததால். நோமாய் செத்தது வேறொன்றால். இன்டர்லோப்பர் என்ற வால்மீனைப் பார்க்கப் போன சிறு குழு, அதன் உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருந்த கொடிய பொருளைக் கண்டது. எச்சரிக்கை போய்ச் சேரும் முன்பே அது வெடித்துப் பரவிவிட்டது. அதனால்தான் வேலை செய்த இடங்களிலேயே எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. யார் தப்பும் இல்லை, வெறும் விபத்து.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. ஆனால் இந்தத் தவறை நிஜ அகழாய்விலும் செய்திருக்கிறார்கள். மொகஞ்சதாரோவின் மேல் அடுக்குகளில் கிடைத்த சில எலும்புக்கூடுகளை வைத்து, ஆரியர் படையெடுத்து நடத்திய படுகொலை என்று 1940களில் மார்ட்டிமர் வீலர் எழுதினார். அந்த எலும்புகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல, நகரம் போரில் அழிந்ததற்குத் தடயமும் இல்லை என்று 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் காட்டினார். வீலரின் கதையோ இன்னும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இடிபாட்டைப் பார்த்ததும் மனசு முதலில் தேடுவது குற்றவாளியை. நோமாய் விஷயத்தில் என்னைத் திருத்த அவர்களே எழுதி வைத்திருந்தார்கள், படிக்கக் கருவியும் இருந்தது. சிந்து எழுத்தை இன்னும் யாராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை. அங்கே நாம் தப்பா தீர்ப்பு சொன்னா, இல்லைன்னு மறுக்க செத்தவங்களால முடியாது.