இடம் சொல்லும் வானொலி



1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு இரயில், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளத்தில் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். ஓடிவரும் இரயிலின் ஓட்டுநருக்கு, "முன்னே ஆபத்து, நிறுத்துக!" என்று வானொலியில் சொல்லும் வசதி இல்லாத காலம் அது.

இன்று அந்நிலை மாறிவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கிறது என்று நீங்கள் கூறலாம். உண்மைதான். ஆனால் செல்போன் தானாகப் பேசுவதில்லை. அதன் பின்னே ஒரு கோபுரம் நின்று பேசுகிறது. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். பெருவெள்ளத்திலும் புயலிலும் முதலில் அறுபடுவது மின்சாரமே. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, கையில் செல்போன் இருந்தும் பேச முடியாமல் பல்லாயிரம் குடும்பங்கள் தவித்ததை நாம் மறந்திருக்க முடியாது. லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாள் போன் வராவிட்டாலே உறக்கமிழக்கும் தாய்மார்களுக்கு இந்தத் தவிப்பை விளக்கவேண்டியதில்லை.

அத்தகைய நேரங்களில் கைகொடுப்பது 'ஹாம் ரேடியோ' எனப்படும் அமெச்சூர் வானொலி. கோபுரமோ கம்பியோ இன்றி, ஒரு கருவி மற்றொரு கருவியோடு நேரடியாகப் பேசும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியது. அப்போது பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலியாளர், தம் குழுவினருடன் போர்ட் பிளேரில் தங்கியிருந்தார். தொலைபேசிகள் செயலிழந்த அந்த நாட்களில், உறவினரின் நிலையறியத் துடித்தவர்களுக்கு அக்குழுவினரின் வானொலி வழியாகவே செய்திகள் சென்றன.

"எங்கே இருக்கிறீர்கள்?"

ஆயினும் குரல் மட்டும் போதுமா? "காப்பாற்றுங்கள்!" என்ற குரல் கேட்டவுடன், கேட்பவரின் நாவில் எழும் முதல் கேள்வி, "எங்கே இருக்கிறீர்கள்?" என்பதே. கொள்ளிடக் கரையில் வெள்ளம் சூழ்ந்த தோட்டத்தில் நிற்பவரும், பச்சைமலைக் காட்டில் வழி தவறியவரும் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? அடையாளம் சொல்லத் தெருவுமில்லை, கடையுமில்லை. இடமறியாத குரல் பாதி உதவிதான்.

அந்த மறுபாதியைத் தருவதே ஜி.பி.எஸ். வசதியும் தகவல் அனுப்பும் வசதியும் உள்ளமைந்த கையடக்க ஹாம் கருவி. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகளைப் பெற்று, தான் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கருவி கணக்கிடுகிறது. அடுத்து, அவ்வெண்களோடு உரியவரின் அழைப்புக் குறியையும் சேர்த்து, ஒலித்துடிப்புகளாக மாற்றி வானொலியில் அனுப்புகிறது. இதற்கு ஓரிரு நொடிகளே போதும். இதே வசதியுள்ள மற்றொரு கருவியின் திரையில், "இன்னார், இத்தனை கிலோமீட்டரில், இந்தத் திசையில்" என்று எழுத்தில் தோன்றும். சிறு குறுஞ்செய்திகளும் அனுப்பலாம்.

இம்முறைக்கு ஏ.பி.ஆர்.எஸ். என்று பெயர். இதனை உருவாக்கியவர் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியைச் சார்ந்த பாப் புரூனிங்கா, 2022இல் காலமானார். இம்முறையில் ஓர் இடம், பாகையில் அறுபதில் ஒரு பங்கான 'கலை'யின் நூற்றில் ஒரு பங்கு வரை குறிக்கப்படுகிறது. அதாவது ஏறத்தாழ 18 மீட்டர். இருளில் தேடிச் செல்லும் படகுக்கு இவ்வளவு துல்லியம் போதாதா? 1990களின் இறுதியில் வந்த கென்வுட் நிறுவனக் கருவியில் ஜி.பி.எஸ்.ஸைத் தனியே கம்பி வைத்து இணைக்க வேண்டியிருந்தது. 2010 வாக்கில் வெளிவந்த கருவிகளில் இரண்டும் ஒரே உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டன.

இடத்தை எண்ணால் குறிக்கும் இக்கலை நமக்குப் புதிதன்று. அல்பிரூனி என்னும் பேரறிஞர், கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறிவதற்காகவே ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணக்கிட்டு, 1025ஆம் ஆண்டில் ஒரு நூலை முடித்தார். தொழுகைக்குத் திசை தேடிய அறிவு, இன்று உயிருக்கு வழி தேட உதவுகிறது. அல்ஹம்துலில்லாஹ்!

கருவி மட்டும் காப்பாற்றாது

இங்கே ஓர் உண்மையை அழுத்தமாகக் கூறவேண்டும். பாங்கு சொல்பவர் இருந்தும் கேட்கும் செவி இல்லையெனில் ஜமாஅத் சேராது. அதுபோல, ஊரில் ஒருவரிடம் மட்டும் இக்கருவி இருந்தால் பயனில்லை. சுமார் 5 வாட் ஆற்றலுள்ள கையடக்கக் கருவி, சமவெளியில் சில கிலோமீட்டர் தூரமே எட்டும். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் செய்தி போக, உயரமான இடத்தில் அதனை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம் வேண்டும். பச்சைமலை போன்ற உயரத்தில் முறையான அனுமதியுடன் அத்தகைய நிலையம் அமைந்தால், இரு மாவட்டங்களின் பெரும்பகுதி அதன் வீச்சுக்குள் வரக்கூடும். அனைத்துக்கும் மேலாக, கேட்டவுடன் எழுந்து செல்லும் மனிதர்கள் வேண்டும்.

இரண்டாவது, சட்டம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்றவரே இதனை இயக்கலாம். உரிமமின்றி இயக்குவது குற்றம். மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து, விளையாட்டாகப் பேசிப் பார்க்கும் இளைஞர்கள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும். நம் பிள்ளைகள் ஐயத்துக்கு இடந்தரலாகாது. வணிகப் பேச்சும் மறைமொழியும் இந்த வானொலியில் கூடா. சொல்வதை எவரும் கேட்கலாம். நாவைக் காத்துக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி ஏது?

தேர்வு கடினமானதன்று. மின்சாரம், வானொலி பற்றிய அடிப்படை அறிவும், விதிமுறைகளும் கேட்கப்படும். பள்ளி மாணவரும் முயன்றால் கற்கலாம். பெண்மக்களுக்கும் இது ஏற்ற கலையே. போர்ட் பிளேரில் அந்நாளில் துயர் துடைத்த குரல் ஒரு பெண்ணுடையதல்லவா?

பெற்றோர்களே! ஜமாஅத் பொறுப்பாளர்களே! ஒவ்வொரு மஹல்லாவிலும் மூன்று நான்கு பேரேனும் இவ்வுரிமத்தைப் பெறட்டும். கோடை விடுமுறையில் மதரஸா மாணவர்க்கு இதன் பாடங்களை நடத்தலாம். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, கொள்ளிடக் கரையிலும் வெள்ளாற்றங்கரையிலும் நின்று, யாருடைய செய்தி யாருக்கு எட்டுகிறது என்று சோதித்துப் பார்க்கலாம். வெள்ளம் வரும்போது அது நம் தெரு, அடுத்த தெரு என்று பார்ப்பதில்லை. நம் உதவியும் சாதி, சமயம் பார்க்க வேண்டியதில்லை.

மருதையாறு இன்றும் அதே வழியில்தான் ஓடுகிறது. அடுத்த பெருமழையின்போது, இடமறிந்து கேட்கும் செவிகளும் உடனே விரையும் கால்களும் நம் ஊரில் இருக்கவேண்டும். இன்ஷா அல்லாஹ், அதற்கான முயற்சியை இம்மாதமே தொடங்குவோமாக!