கூழ் காய்ச்சத் தெரிந்தவருக்கு ரொட்டி வரும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். கேழ்வரகு மாவில் ரொட்டி போட்டால் ஏன் கல்லாகிவிடுகிறது என்று கேட்டீர்கள். மைதா ரொட்டியை உப்ப வைப்பது குளூட்டன். தண்ணீர் விட்டுப் பிசையும்போது அந்தப் புரதம் ஜவ்வாக இழுபடும். ஈஸ்ட் விடும் காற்று அதற்குள் சிக்கி நிற்கும். கேழ்வரகிலும் கம்பிலும் அது கிடையாது. ஈஸ்டைக் கூட்டிப் போட்டாலும் காற்று தங்காது.

ஆனால் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வளர்ந்தவர்களுக்கு இதற்கு வழி தெரியும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டில் முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கிறார்கள். மறுநாள் நொய்யோடு சேர்த்துக் கிண்டுகிறார்கள். வெந்த மாவு தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ரொட்டிக்கும் இந்தப் புளிப்பும் வேக்காடும்தான் வேண்டும். லிதுவேனியா, லாட்வியா பக்கம் ரை தானியத்தில் ரொட்டி சுடுகிறவர்களும் மாவில் ஒரு பங்கைக் கொதிநீர் விட்டுக் கிளறிப் புளிக்க வைக்கிறார்கள். நம் பாட்டிமார் கைப்பக்குவம் இதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

100 கிராம் கேழ்வரகு மாவில் 200 மில்லி கொதிநீர் ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறி, மூடி ஆறவிடுங்கள். பிறகு 400 கிராம் கோதுமை மாவு, 9 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட் சேர்த்துப் பிசையுங்கள். முந்தின இரவு ஒரு கரண்டி கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்திருந்தால் அதையும் விடுங்கள், ருசியே அதில்தான். தண்ணீர் இன்னும் 200 மில்லிக்கு மேல் பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கடல் காற்றில் மாவிலேயே ஈரம் இருக்கும். குளிர் நாட்டுச் சமையல் புத்தகம் சொல்லும் நேரத்தையும் நம்ப வேண்டாம். சென்னை மே மாதத்தில் மாவு சீக்கிரமே பொங்கிவிடும். ஒன்றரை மடங்கானதும் அச்சில் போட்டு, மறுபடி எழும்பியதும் 200 டிகிரியில் 40 நிமிடம்.

சம்பா கோதுமை கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். அதிலும் குளூட்டன் உண்டு, ஆனால் நலிந்தது. அதிகம் பிசைந்தால் மாவு தளர்ந்து ஒழுகும். குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் கோதுமை சேர்ந்த எதையும் தொடவே கூடாது. கம்பு மாவை மட்டும் மில்லில் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள். அதில் எண்ணெய்ப் பசை அதிகம், வைத்திருந்தால் கசக்கும்.

சுட்டதும் வெட்டாதீர்கள். நன்றாக ஆறினால்தான் உள்ளே மாவு இறுகும், இல்லையென்றால் கத்தியில் ஒட்டும். தொட்டுக்கொள்ள, வெண்ணெயைவிட நெத்திலிக் கருவாட்டுத் தொக்குதான் என் தேர்வு.