உல்லாசக் கப்பலில் ஒரு வாரம்

கடல் கடந்து சென்று பொருள் தேடும்படி நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். கடல் கடந்து சென்று ஓய்வு தேடும்படி எவரும் சொல்லிவைத்ததாகத் தெரியவில்லை. ஆயினும் காலம் மாறிவிட்டது. எந்த ஊருக்கும் போய்ச் சேரவேண்டிய தேவையின்றி, புறப்பட்ட துறைமுகத்திற்கே திரும்பி வருவதற்காக இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் கப்பல் ஏறுகின்றன. அத்தகையதொரு பயணம் எங்களுக்கும் வாய்த்தது. அதில் கண்டவற்றையும், காணாமலே திரும்பியிருக்கக்கூடியவற்றையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது நலமெனக் கருதுகிறோம்.

எங்கள் திருமணத்தின் பொன்விழா ஆண்டு அது. அமெரிக்காவில் பணிபுரியும் மகன், தன் மனைவி மக்களோடு எங்களையும் சேர்த்துக் கரிபியன் கடலில் ஏழு நாள் அழைத்துச் செல்வதாகக் கூறியபோது முதலில் தயங்கினோம். இத்துணைச் செலவில் ஓர் இன்பச் சுற்றுலா நமக்குத் தகுமோ என்ற எண்ணம் உள்ளத்தை உறுத்திற்று. “அப்பா, நாம் ஆறு பேரும் ஒரே கூரையின்கீழ் ஏழு நாள் இருந்து எத்தனை ஆண்டுகள் ஆயின?” என்று மகன் கேட்டான். அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. புறப்பட்டோம்.

சான் ஹுவான் துறைமுகம்

எங்கள் கப்பல் புவெர்ட்டோ ரிக்கோ தீவின் தலைநகராகிய சான் ஹுவானிலிருந்து சனிக்கிழமை இரவு புறப்பட்டது. அத்தீவு அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்டது. ஆகவே நம்மவர் அங்கிருந்து அயல் தீவுகளுக்குச் சென்று திரும்பவேண்டுமாயின், பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா இன்றியமையாதது. வழியிலுள்ள தீவுகளோ வெவ்வேறு அரசுகளுக்குரியவை. அவற்றின் விதிகளையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது.

கப்பலேறுமுன் பழைய நகரைச் சுற்றிப் பார்த்தோம். ஸ்பானியர் 1521இல் அமைத்த ஊர் அது. இரும்புக் கசடிலிருந்து வார்த்த நீலக் கற்கள் பாவிய தெருக்கள், கடலை நோக்கி நிற்கும், 1539இல் கட்டத் தொடங்கிய எல் மோரோ கோட்டை, தொன்மையான பேராலயம். 1511இல் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் நிறுவிய மறைமாவட்டத்தின் பேராலயம் அது. புதிய உலகில் முதன்முதலில் அடிவைத்த ஆயர் அலோன்சோ மான்சோ பணியாற்றியது அங்கேதான்.

கப்பலோ, கடலில் மிதக்கும் ஒரு நகரம். உணவுக்கூடங்கள், நீச்சற்குளங்கள், நாடக அரங்கு, கடைத்தெரு, மருத்துவமனை என எதற்கும் குறைவில்லை. இதனினும் பன்மடங்கு பெரியவை உள்ளன என்றான் மகன். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து தன் முதற்பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்னும் கப்பலில் பணியாளர் மட்டுமே ஏறத்தாழ 2,350 பேராம். அந்த எண் அப்போது எங்கள் மனத்தில் பதியவில்லை.

அன்று மாலை அறைக்குள் நுழைந்ததும் என் துணைவியார், “குடிதண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்களோ?” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். வாயிற்புறத்திலிருந்து, “இதோ கொண்டுவருகிறேன், அம்மா” என்ற குரல் தூய தமிழில் ஒலித்தது. திகைத்துத் திரும்பினோம். வெண்சீருடை அணிந்த அறைப்பணியாளர் புன்னகையோடு நின்றார். நம் தென்கடற்கரையிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். நம் சபையைச் சேர்ந்தவர். அவர் பெயரை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை.

நள்ளிரவுத் திருப்பலி

மறுநாள் ஞாயிறு. கப்பல் செயின்ட் தாமஸ் தீவின் சார்லட் அமேலியா துறைமுகத்தில் நின்றது. டென்மார்க் நாட்டிற்குரியதாயிருந்து, 1917இல் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிற்கு விற்கப்பட்ட தீவுகளுள் அதுவும் ஒன்று. பயணிகள் பெரும்பாலோர் கடற்கரைக்கும் கடைகளுக்கும் விரைந்தனர். நாங்கள் வாடகை வண்டியில் நகருக்குள் சென்று, புனித பேதுரு பவுல் பேராலயத்தில் திருப்பலி கண்டோம். திரும்பி வந்ததும், “தம்பி, நீங்கள் பூசைக்குப் போகவில்லையா?” என்று பணியாளரைக் கேட்டோம்.

“எங்களுக்கு இரவு பதினொன்றரைக்குத்தான் ஓய்வு, ஐயா. பயணிகளில் ஓய்வுபெற்ற சாமியார் ஒருவர் இருக்கிறார். எங்களுக்காகப் பூசை வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்” என்றார் அவர்.

நாங்களும் வரலாமா என்று கேட்டு, அனுமதி பெற்றுச் சென்றோம். பன்னிரண்டு வயதுப் பேத்தி உறங்க மறுத்து உடன் வந்தாள். மாலையில் இன்னிசை முழங்கிய சிறிய மண்டபம் அது. மேசையொன்றே பீடமாயிற்று. பகலெல்லாம் புன்னகையோடு பரிமாறியவர்களும், பயணிகள் கண்ணுக்கே படாமல் அடித்தளத்தில் துணி வெளுத்தவர்களும், பாத்திரம் துலக்கியவர்களும் ஒவ்வொருவராக வந்து அமர்ந்தனர். பிலிப்பைன்ஸ் நாட்டவரே மிகுதி. கோவாவினரும் கேரளத்தாரும் இருந்தனர். சிலர் மறையுரையின்போது கண்ணயர்ந்தனர். அவர்களைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. பெரியவராகிய அக்குருவும் அதைக் கண்டு தம் உரையைச் சுருக்கிக்கொண்டார்.

விசுவாசிகள் மன்றாட்டில் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் வேண்டினர். எங்கள் பணியாளர் எழுந்து, “சென்ற மாதம் புதுநன்மை வாங்கிய என் மகளுக்காக” என்று தொடங்கினார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று நாங்கள் மூவரும் தமிழில் மறுமொழி கூறினோம்.

பின்னர் அவர் வாய்மொழியாகவே அறிந்தோம். எட்டு மாத ஒப்பந்தம். அப்போது ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மகளுக்கு வயது ஒன்பது. வெள்ளை உடையில் அவள் பீடத்தருகே நின்ற காட்சியைத் தந்தை கைப்பேசியில்தான் கண்டார். “வீடு கட்டியது இந்தச் சம்பளத்தில்தான், ஐயா. குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் நான் படுத்த நாட்களை எண்ணிவிடலாம்” என்றார்.

கடற்பணியாளருக்கென உலக அளவில் ஓர் உடன்படிக்கை உண்டு. 2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்த அது, இருபத்துநான்கு மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தரவேண்டுமென விதிக்கிறது. உழைக்கும் நேரத்திற்கன்றி ஓய்வுக்கே கணக்கு வகுக்கவேண்டிய தொழில் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப வழியின்றிக் கப்பல்களிலேயே தேங்கிக் கிடந்தவர் ஏறத்தாழ 4,00,000 பேர் என மதிப்பிடப்பட்டது.

மார்ட்டினிக் தீவில் நம் மூதாதையர்

திங்கள் முழுவதும் கடலில் கழிந்தது. செவ்வாய் காலை மார்ட்டினிக் தீவின் ஃபோர்-டி-பிரான்ஸ் நகரை அடைந்தோம். பிரான்சு நாட்டின் பகுதியாகவே விளங்கும் தீவு அது. இரும்பினால் எழுப்பிய புனித லூயி பேராலயத்தின் கூர்ங்கோபுரம் தொலைவிலிருந்தே தெரிகிறது. அங்காடியில் ‘கொலொம்போ’ என்ற மசாலைப் பொடியை விற்கிறார்கள். நம் ‘குழம்பு’ என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது என்பாரும் உண்டு. கொழும்பு நகரின் பெயரே அது என்பாரும் உண்டு. பெண்கள் விழாக்காலத்தில் தலையில் கட்டும் கட்டம்போட்ட பருத்தித் துணியை ‘மதராஸ்’ என்றே அழைக்கிறார்கள்.

இச்சொற்கள் அங்கு வந்த வரலாறு இன்பமானதன்று. 1848இல் பிரான்சு தன் தீவுகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் திரட்டும் முகவர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தோன்றினர். ‘ஒரேலி’ என்னும் கப்பல் 300க்கும் மேற்பட்டவரை ஏற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, 1853 மே மாதம் 6ஆம் நாள் இத்தீவின் சேன் பியேர் துறையை அடைந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 இந்தியர் இங்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர் ஒரு பகுதியினரே. மடிந்தவர் பலர், எஞ்சியோர் தங்கிவிட்டனர்.

அவர்கள் இறங்கிய இடத்தைக் காண விரும்பி வடக்கே சென்றோம். சேன் பியேர் இன்று சிற்றூர். 1902 மே 8ஆம் நாள், ஆண்டவருடைய விண்ணேற்றத் திருநாளன்று காலையில், பெலே எரிமலை வெடித்து அந்நகரை அழித்தது; சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். கரிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. கடற்கரையில் நின்றபோது, எங்கள் மனம் எரிமலையை விட்டுவிட்டு அந்தக் கப்பலையே நாடிற்று. நாங்கள் ஏழு நாள் உண்டு களித்த கடல்வழியின் முடிவில், மூன்று மாதம் அலைக்கழிந்து வந்தவர்கள் இந்த மணலில்தானே கால் வைத்தார்கள்!

அவர்தம் வழிவந்தோர் பலர் இன்று கத்தோலிக்கர். தீவின் வடபகுதியில் மாரியம்மன் வழிபாடும் நிலைத்திருக்கிறது. அதன் பாடல்களில் தமிழ்ச்சொற்கள் எஞ்சியுள்ளன. ஆனால் வீட்டில் எவரும் தமிழ் பேசுவதில்லை. இதைக் கேட்ட பேத்தி நெடுநேரம் பேசாதிருந்தாள். நாங்கள் தமிழில் கேட்க, எப்போதும் ஆங்கிலத்தில் விடைகூறும் குழந்தை அவள். அன்றிரவு, “பாட்டி, அந்த மாமா பூசையில் சொன்னது எனக்குப் புரிந்தது” என்று தமிழில் சொன்னாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தூங்குமூஞ்சி மரத்தடியில்

புதனன்று பார்படோஸ். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலேயர் வசமிருந்து, 1966இல் விடுதலை பெற்று, 2021 நவம்பர் 30ஆம் நாள் குடியரசாகிய நாடு. கண்ணாடி போன்ற கடல்நீரில் ஆமைகள் நீந்துவதைப் பேரக்குழந்தைகள் கண்டு மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியையும் சொல்லாமல் விடுவது நன்றியாகாது. எட்டு வயதுப் பேரன் தன் தந்தையின் தோளில் அமர்ந்து அலையில் இறங்கிய காட்சி எங்கள் கண்ணைவிட்டு அகலாது.

வியாழனன்று செயின்ட் லூசியா. அதன் தலைநகர் காஸ்ட்ரீசிலுள்ள அமலோற்பவ அன்னை பேராலயத்தின் உட்சுவர்களை அந்நாட்டு ஓவியர் டன்ஸ்டன் செயின்ட் ஓமர் தீட்டியுள்ளார். 1986இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வருகைதந்த ஆலயம் அது. சுவரிலுள்ள புனிதர்கள் அத்தீவு மக்களைப் போலவே கறுத்த மேனியர். எதிரிலுள்ள சதுக்கத்தில் பழம்பெரும் மரமொன்று நிழல் விரித்து நிற்கிறது. அருகே சென்று பார்த்தால் நம் ஊர்ச் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம்! அதன் பிறப்பிடம் அமெரிக்க வெப்பநாடுகளே. அங்கிருந்து மரம் நம்மிடம் வந்தது. நம்மிடமிருந்து மனிதர் அங்கே சென்றனர். இத்தீவிலும் 1859 முதல் இந்தியத் தொழிலாளர் வந்திறங்கினர்.

இறங்கும் நாள்

சனிக்கிழமை காலை, எங்கள் பெட்டிகளைக் கொடுத்தனுப்பும் வேளையில், பணியாளர் ஒரு சிறு பொட்டலத்தை நீட்டினார். மார்ட்டினிக்கில் அவருக்குக் கிடைத்த இரண்டு மணி நேர ஓய்வில் மகளுக்காக வாங்கிய தலைத்துணி. “மெட்ராஸ் துணி என்று சொல்லித்தான் விற்றார்கள், ஐயா” என்று சிரித்தார். அன்று பிற்பகலே அவர் அடுத்த பயணிகளுக்காக அறைகளை ஒழுங்குசெய்ய வேண்டும்.

வாசக அன்பர்களே, இத்தகைய பயணம் பாவமென்று நாங்கள் கூறவில்லை. குடும்பம் ஒன்றுகூடி மகிழ்வது இறைவன் தந்த கொடை. ஆயினும் எங்கள் குடும்பம் ஒன்றாயிருந்த அந்த ஏழு நாளும், வேறு பல குடும்பங்கள் பிரிந்திருந்ததனாலேயே எங்களுக்குக் கிடைத்தது. ஆகவே, கப்பலேறும் வாய்ப்புப் பெறுவோர் தமக்குப் பணிபுரிபவரின் பெயரையேனும் கேட்டறிக. பயண முடிவில் தரும் கருத்துத்தாளில் அப்பெயரைக் குறிப்பிட்டு இரண்டு நல்வரி எழுதுக. அடுத்த ஒப்பந்தத்திற்கு அது அவருக்கு உதவக்கூடும். கரையிலிருப்போருக்கும் கடமை உண்டு. 1920இல் கிளாஸ்கோ நகரில் தோன்றிய கடலோடிகள் திருத்தூதுப்பணி, இன்று ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என்ற பெயரில் உலகத் துறைமுகங்களில் தொண்டாற்றுகிறது. ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு கடலோடிகள் ஞாயிறு. அன்று நம் பங்குகளில், கடலிலிருக்கும் தந்தையரையும் மைந்தரையும் மன்றாட்டில் நினைவுகூரலாம். அவர்தம் வீட்டாரை ஒருமுறை சென்று காணலாம்.

ஊர் திரும்பிய மறுவாரம் அந்தக் கடற்கரைச் சிற்றூருக்குச் சென்றோம். சிறுமி துணியைத் தலையில் கட்டிக் கண்ணாடி முன் ஓடினாள். அவளுடைய தாய் எங்களுக்குத் தேநீர் தந்து, கப்பலைப் பற்றியோ தீவுகளைப் பற்றியோ ஒன்றும் கேளாமல், “அவர் மெலிந்திருக்கிறாரா, அம்மா?” என்று ஒன்றே ஒன்று கேட்டார்.

“இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்” என்றார் என் துணைவியார். ஏழு நாளும் அந்த முகத்தை நாங்கள் பார்த்திருந்தமையால், அந்த விடையை உண்மையாகவே கூற முடிந்தது.