நிறமும் பெயரும்: கொரிய செலடான் குறித்து

கோர்யோ வம்ச (918–1392) செலடான் பாண்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1123இல் சீனத் தூதுக்குழுவோடு வந்த ஷூ ஜிங், அந்நாட்டவர் இந்நிறத்தை 'பிசேக்' என்றழைப்பதாகக் குறித்துவைத்தார். மீன்கொத்தி இறகை, ஜேட் கல்லை நினைவுபடுத்தும் சொல். 1920களில் ஜப்பானியரான யானகி முனேயோஷி கொரியக் கலையைச் 'சோகத்தின் அழகு' என்ற சொல்லாடலுக்குள் அடைத்தார். கொரியர்கள்மீது பரிவு கொண்டவர்தான்; ஆனால் ஆளப்படுகிறவர்களுக்குச் சோகமே இயல்பு என்பது ஆள்கிறவனுக்குச் சௌகரியமான வாசிப்பு. எனக்கு இரண்டுமே போதவில்லை. நிறம் எங்கேயிருந்து வருது என்று கேட்டால் சூளைக்குத்தான் போகவேண்டும்.

வனைந்த பாண்டம் பாதி உலர்ந்த பதத்தில் கொக்கு, மேகம், சாமந்தி என்று கீறுகிறார்கள். பள்ளத்தில் வெள்ளை மண்ணையோ செம்மண்ணையோ அப்பி, மிஞ்சியதைச் சுரண்டிவிடுகிறார்கள். செம்மண் வெந்தபின் கறுப்பாகிவிடும். இந்தப் பதிப்பு வேலைக்குச் 'சங்கம்' என்று பெயர் (நம்ம சங்கம் அல்ல). ஒருமுறை சுட்டு, சிறிதளவு இரும்புள்ள கண்ணாடிப் பூச்சில் தோய்த்து, மறுபடி சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுடவேண்டும். சூட்சுமம் இங்கேதான். சூளைக்குள் போகும் காற்றை மட்டுப்படுத்துகிறார்கள். ஆக்ஸிஜன் போதாத தீ, பூச்சிலுள்ள இரும்பிடமிருந்தே அதைப் பிடுங்கிக்கொள்கிறது, பச்சை பிறக்கிறது. காற்று தாராளமாகப் புகுந்தால் பழுப்பு மஞ்சள், அவ்வளவுதான். ஆக, 'இயற்கையின் நிறம்' என்று வியக்கப்படுவது கணக்குப் பார்த்து அடைக்கப்பட்ட சூளை வாய்களின் விளைவு.

அடைத்தது யார்? தென்கோடியிலுள்ள கங்ஜினில் சூளைகள் 'ஸோ' எனப்பட்ட தனி வட்டாரங்களில் இருந்தன. அங்கே தொழில் பரம்பரைக் கட்டாயம். அந்தஸ்து சாதாரணக் குடிகளுக்கும் கீழே. 1176இல் கோங்ஜு பகுதியில் வேறொரு 'ஸோ'வின் மக்கள் கலகமே செய்தார்கள்.

2007இல் தேயான் கடலில் மீனவர் ஒருவர் பிடித்த பேய்க்கணவாய் ஒரு செலடான் தட்டைப் பற்றிக்கொண்டு வந்தது. அடியில் கிடந்த கப்பலில் 20,000க்கும் மேற்பட்ட பாண்டங்கள். கூடவே சரக்கோடு கட்டிய மரச்சீட்டுகள். ஒன்று சொல்லும் சேதி: தம்ஜினிலிருந்து (கங்ஜினின் பழம்பெயர்), தலைநகரிலிருக்கும் படை அலுவலர் இன்சு வீட்டுக்கு, பாண்டம் ஒரு கட்டு. வாங்கியவன் பெயர் இருக்கு. வனைந்தவன் பெயர் இல்லை.

இந்தப் பச்சையைச் சோகம் என்றோ தெய்வீகம் என்றோ வாசிப்பது, இல்லாத அந்தப் பெயரின்மேல் இன்னொரு பூச்சு பூசுவதுதான். கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் கீறல் தெரிகிறதே, அதில் ஒரு கையின் அழுத்தம் இருக்கிறது. வாசிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.